எச்டிடிபிஎஸ் கட்டாயமாக்கியதும் தளம் சுழல்கிறதா? புதுச்சேரி, கடலூர் தள உரிமையாளர்களுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி ஒயிட் டவுனில் உள்ள தங்கும் விடுதிகள், பண்ருட்டி முந்திரி வணிகர்கள், கடலூர் மஞ்சக்குப்பத்துப் பயிற்சி மையங்கள் எனச் சிறு அமைப்புகளின் இணையதளங்களைப் பராமரிப்போர் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. பிரவுசரில் தோன்றும் ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை நீங்க வேண்டும் என்பதற்காக எச்டிடிபிஎஸ், அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து அனுப்பும் இணைப்பு, கட்டாயமாக்கப்படுகிறது. அந்த நிமிடத்திலிருந்து தளம் திறப்பதில்லை. தள உரிமையாளர்களும், அவர்களுக்காக வேலை செய்யும் இளம் தொழில்நுட்பப் பணியாளர்களும் இது குறித்துக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

‘டூ மெனி ரீடைரக்ட்ஸ்’ என்று பிரவுசர் சொல்வதற்கு என்ன பொருள்?

நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள். சர்வர் அந்தப் பக்கத்தைத் தராமல், 301 அல்லது 302 என்ற எண்ணுடன் வேறொரு முகவரியைக் காட்டுகிறது. இதுவே ரீடைரக்ட், அதாவது வழிமாற்றம். அந்த முகவரிக்குப் போனால் அதுவும் இன்னொன்றைக் காட்டுகிறது, ஒரு கட்டத்தில் ஏற்கெனவே போய்வந்த முகவரியே திரும்ப வருகிறது. இதையே சுழல் என்கிறேன். க்ரோமும் ஃபயர்ஃபாக்சும் 20 வழிமாற்றங்கள் வரை பின்தொடர்ந்துவிட்டுக் கைவிட்டுவிடும். அப்போதுதான் இந்த அறிவிப்பு தோன்றுகிறது. சர்வர் இங்கே செயலிழக்கவில்லை. கேட்ட ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் பதில் சொல்லியிருக்கிறது, ஆனால் அந்தப் பதில் தவறானது. ஆகவே சர்வரை நிறுத்தித் தொடங்குவதால் பயன் இல்லை. ‘எங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை’ என்று ஹோஸ்டிங் நிறுவனம் சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

எச்டிடிபிஎஸ் கட்டாயமாக்கும்போது இது ஏன் வருகிறது?

வந்த கோரிக்கை பாதுகாப்பான வழியில் வந்ததா, இல்லையா என்ற ஒரே கேள்விக்கு, தளத்தின் இரண்டு அடுக்குகள் வேறுவேறு பதில் வைத்திருப்பதால் வருகிறது. வருகையாளரின் பிரவுசருக்கும் உங்கள் தளத்தின் நிரலுக்கும் இடையில் இன்று பல அடுக்குகள் இருக்கின்றன: கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைச்சேவை, ஹோஸ்டிங் நிறுவனத்தின் சுமைப் பகிர்வி (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்புவது), என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள், கடைசியாகத் தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் வேர்ட்பிரஸ். மறையாக்கம் பெரும்பாலும் முதல் அடுக்கிலேயே அவிழ்க்கப்பட்டுவிடுகிறது. அங்கிருந்து உள்ளே செல்லும் கோரிக்கை சாதாரண எச்டிடிபியாக, 80ஆம் போர்ட் (சர்வரின் எண்ணிட்ட நுழைவாயில்) வழியாகச் செல்கிறது. உள்ளே இருக்கும் அடுக்கோ, ‘இது எச்டிடிபியில் வந்திருக்கிறது, எச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பு’ என்று முடிவுசெய்து வழிமாற்றம் தருகிறது. வருகையாளர் ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்ஸில்தான் இருக்கிறார். வாசலில் நுழைவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவரிடம், உள்ளிருப்பவர் மறுபடி சீட்டைக் கேட்டு வாசலுக்கே திருப்பியனுப்புவதைப் போன்றது இது.

இதனால்தான், சுழல் தோன்றியதும் இன்னொரு விதியையோ இன்னொரு செருகுநிரலையோ (வேர்ட்பிரஸுடன் இணைக்கும் கூடுதல் மென்பொருள்) சேர்க்கும் பழக்கத்தைக் கைவிடுமாறு வற்புறுத்துகிறேன். முரண்படும் இரண்டு அடுக்குகள் எவை என்று கண்டுபிடித்து, வழிமாற்றும் பொறுப்பை அவற்றில் ஒன்றிடம் மட்டும் விட்டு, மற்றொன்றிடமிருந்து நீக்க வேண்டும்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன், சுழலின் வடிவத்தைப் பாருங்கள். இதற்குப் பிரவுசர் ஏற்ற கருவி அல்ல. அது பழைய பதில்களை நினைவில் வைத்துக்கொள்ளும். கர்ள் என்ற கட்டளைக் கருவி பெரும்பாலான லினக்ஸ் கணினிகளிலும், மேக் கணினிகளிலும், விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு முதற்கொண்டு விண்டோஸிலும் உடன் கிடைக்கிறது. பதிலின் தலைப்புகளை (பக்கத்துக்கு முன்னால் வரும் குறிப்பு வரிகளை) மட்டும் காட்டும் தெரிவுடன், வழிமாற்றத்தைப் பின்தொடரச் சொல்லாமல், உங்கள் தளத்தின் எச்டிடிபிஎஸ் முகவரியை அதனிடம் கொடுங்கள். வரும் பதிலில் இரண்டு வரிகள் போதும்: மேலே உள்ள நிலை எண், பிறகு ‘லொக்கேஷன்’ என்று தொடங்கும் வரி. லொக்கேஷனில் உள்ள முகவரியை எடுத்து, அதையே அடுத்த கோரிக்கையாகக் கொடுங்கள். நான்கு சுற்று போனால் வடிவம் தெரிந்துவிடும்.

எச்டிடிபிஎஸ் முகவரியைக் கேட்டதற்கு, எழுத்துப் பிசகாமல் அதே எச்டிடிபிஎஸ் முகவரியே லொக்கேஷனாக வந்தால், முந்தைய விடையில் சொன்ன நிலைதான்: முன்னால் இருக்கும் ஓர் அடுக்கு மறையாக்கத்தை அவிழ்த்துவிட்டது, பின்னால் இருப்பதற்கு அது தெரியவில்லை. எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து எச்டிடிபிக்கும், அங்கிருந்து மறுபடி எச்டிடிபிஎஸ்ஸுக்கும் மாறி மாறிப் போனால், இரண்டு விதிகள் எதிரெதிராக இழுக்கின்றன என்று பொருள். அவற்றில் ஒன்று பெரும்பாலும் வேர்ட்பிரஸின் தள முகவரி அமைப்பாக இருக்கும். முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ வருவதும் போவதுமாக இருந்தால் சிக்கல் டொமைன் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முகவரி நீண்டுகொண்டே போனால், வழிமாற்றும் விதி பாதையைத் தவறாக ஒட்டுகிறது. இந்த நான்கில் எது உங்களுடையது என்று தெரிந்த பிறகு கீழே உள்ள உரிய விடைக்குச் செல்லுங்கள்.

கர்ளில் சுழல் இல்லை, பிரவுசரில் மட்டும் இருக்கிறது என்றால், குக்கியோ (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) பிரவுசரின் நினைவோ காரணம். அதற்கும் தனி விடை இருக்கிறது.

நாங்கள் கிளவுட்ஃப்ளேர் பயன்படுத்துகிறோம். அதை இணைத்த அன்றுதான் சுழல் தொடங்கியது. என்ன செய்வது?

கிளவுட்ஃப்ளேரின் எஸ்எஸ்எல் (மறையாக்க அமைப்பு) பகுதியில் ‘ஃப்ளெக்சிபிள்’ என்ற நிலை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில், வருகையாளருக்கும் கிளவுட்ஃப்ளேருக்கும் இடையில் மட்டுமே மறையாக்கம் இருக்கும். கிளவுட்ஃப்ளேர் உங்கள் சர்வரிடம் பேசுவது சாதாரண எச்டிடிபியில். உங்கள் சர்வரில் ‘எச்டிடிபியில் வந்தால் எச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பு’ என்ற விதி இருந்தால் சுழல் உறுதி. ‘ஃபுல்’ அல்லது ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ நிலைக்கு மாற்றினால், கிளவுட்ஃப்ளேர் உங்கள் சர்வரிடமும் 443ஆம் போர்ட்டில் எச்டிடிபிஎஸ் வழியாகவே பேசும், சுழல் நின்றுவிடும்.

மாற்றுவதற்கு முன் உங்கள் சர்வரில், அதன் அடையாளத்தைக் காட்டி எச்டிடிபிஎஸ்ஸை இயங்கவைக்கும் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழைப் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் இலவசமாகவே நிறுவித் தருகின்றன. அது இயலாவிட்டால், கிளவுட்ஃப்ளேரே தன் பயனர்களுக்கு 15 ஆண்டுகள் வரை செல்லுபடியாகும் ‘ஆரிஜின்’ சான்றிதழ் வழங்குகிறது. கிளவுட்ஃப்ளேருக்கும் உங்கள் சர்வருக்கும் இடையில் மட்டுமே அது செல்லும். பிரவுசர்கள் அதை நேரடியாக ஏற்பதில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ‘ஃபுல்’ நிலையில் வைத்திருக்கும்போது, உங்கள் சர்வரில் எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து எச்டிடிபிக்குத் திருப்பும் பழைய விதி ஏதேனும் மிச்சமிருந்து, கிளவுட்ஃப்ளேரிலும் ‘எப்போதும் எச்டிடிபிஎஸ்’ என்ற அமைப்பு இயங்கினால், அங்கும் சுழல் வரும்.

ஃப்ளெக்சிபிளை அப்படியே வைத்துக்கொண்டு, சர்வரில் உள்ள விதியை நீக்கிவிட்டால் போதாதா?

சுழல் நிற்கும், ஆனால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விடுதியில் அறை பதிவுசெய்பவரின் பெயர், தொலைபேசி எண், கடவுச்சொல் எல்லாம் கிளவுட்ஃப்ளேரிலிருந்து உங்கள் சர்வர் வரை மறையாக்கம் இல்லாமல் இணையத்தில் பயணம் செய்யும். வருகையாளரின் திரையிலோ ‘பாதுகாப்பானது’ என்று காட்டும். நம்பி வந்தவருக்கு இது நியாயம் அல்ல.

எங்கள் சர்வருக்கு முன்னால் சுமைப் பகிர்வி இருக்கிறது. உள்ளே எச்டிடிபிதான். இங்கே எப்படிச் சரிசெய்வது?

மறையாக்கத்தை அவிழ்க்கும் அடுக்கு, வருகையாளர் எந்த வழியில் வந்தார் என்ற செய்தியை ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ’ என்ற தலைப்பில் எழுதி உள்ளே அனுப்புவது வழக்கம். அமேசானின் சுமைப் பகிர்வியும் கிளவுட்ஃப்ளேரும் இதைத் தாமாகவே அனுப்புகின்றன. உள்ளே இருக்கும் அடுக்கு, தனக்கு எந்தப் போர்ட்டில் கோரிக்கை வந்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இந்தத் தலைப்பைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். தளங்களை உருவாக்கும் நிரல் சட்டகங்களில், ஜாங்கோவில் இதற்கென்று ‘செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர்’ என்ற அமைப்பும், லாரவெலில் ‘டிரஸ்ட் ப்ராக்சிஸ்’ என்ற இடையடுக்கும், எக்ஸ்பிரஸில் ‘டிரஸ்ட் ப்ராக்ஸி’ என்ற தெரிவும் இருக்கின்றன.

இங்கே இரண்டு இடங்களில் பலர் இடறுகிறார்கள். ஒன்று, நடுவில் இருக்கும் என்ஜின்எக்ஸ் அந்தத் தலைப்பை மாற்றி எழுதிவிடுவது. பெரும்பாலான மாதிரி அமைப்புகளில், ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவில் என்னுடைய ஸ்கீமை எழுது’ (அதாவது எச்டிடிபியா, எச்டிடிபிஎஸ்ஸா என்பதை) என்ற வரி இருக்கும். என்ஜின்எக்ஸ்தான் முதல் அடுக்கு என்றால் அந்த வரி மிகச் சரி. அதற்கு முன்னால் சுமைப் பகிர்வி இருந்து, என்ஜின்எக்ஸுக்கே கோரிக்கை எச்டிடிபியில் வந்தால், வெளியிலிருந்து எச்டிடிபிஎஸ் என்று வந்த செய்தியை அழித்துவிட்டு எச்டிடிபி என்று எழுதி உள்ளே அனுப்பிவிடும். மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் எல்லாம் சரியாக இருந்தும் சுழல் நிற்காவிட்டால், நடுவில் இந்த வரியைத் தேடுங்கள்.

மற்றொன்று பாதுகாப்பு. உங்கள் சர்வரின் ஐபி முகவரியை நேரடியாக அணுகக்கூடிய எவரும் இந்தத் தலைப்பைத் தாமே எழுதி அனுப்பலாம். ஆகவே சுமைப் பகிர்வியின் ஐபி முகவரிகளிலிருந்து வரும்போது மட்டுமே அதை நம்பும்படி அமைக்க வேண்டும். கிளவுட்ஃப்ளேர் தன் ஐபி வரம்புகளை வெளிப்படையாகவே வெளியிட்டிருக்கிறது.

அப்பாச்சியின் எச்டிஅக்சஸ் கோப்பில் (தளத்துக்கான விதிகளை எழுதும் கோப்பு) எழுதிய விதி சுழலை உண்டாக்குகிறது. ஏன்?

நிபந்தனை இல்லாத விதி எழுதியிருந்தால், அதாவது ‘எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பு’ என்று மட்டும் சொல்லியிருந்தால், எச்டிடிபிஎஸ்ஸில் வந்தவரையும் அது அனுப்பும். ‘எச்டிடிபிஎஸ் என்ற மாறி ஆஃப் ஆக இருந்தால்’ என்ற நிபந்தனை அதற்கு மேல் வரியில் அவசியம் வேண்டும். முன்னால் சுமைப் பகிர்வி இருக்குமானால் அந்த நிபந்தனையும் போதாது, ஏனெனில் அந்த மாறி அங்கே எப்போதும் ஆஃப்தான். அதற்குப் பதிலாக, எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவின் மதிப்பு எச்டிடிபிஎஸ் அல்ல என்றால் மட்டும் அனுப்புமாறு எழுதுங்கள்.

ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ‘செட்என்விஃப்’ கட்டளையால் எச்டிடிபிஎஸ் மாறியை ஆன் ஆக்கினால் போதும் என்ற ஆலோசனை பரவலாகக் கிடைக்கிறது. அது வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பிக்குப் போய்ச்சேரும் மாறியை மாற்றுமே தவிர, முகவரியை மாற்றி எழுதும் ரீரைட் விதியின் நிபந்தனை பார்க்கும் மாறியை மாற்றாது, ஏனெனில் அந்த மதிப்பை அப்பாச்சி தன் எஸ்எஸ்எல் தொகுதியிடமிருந்து நேரடியாகக் கேட்டுக்கொள்கிறது. வேர்ட்பிரஸ் சரியாகி, எச்டிஅக்சஸ் மட்டும் தொடர்ந்து சுழற்றுவதற்கு இதுவே காரணம்.

சி-பேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில், டொமைன்கள் பக்கத்திலேயே எச்டிடிபிஎஸ் கட்டாயமாக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இயக்கியிருந்தால் எச்டிஅக்சஸிலும் செருகுநிரலிலும் தனித்தனியே எழுத வேண்டிய தேவை இல்லை.

என்ஜின்எக்ஸில்?

80ஆம் போர்ட்டும் 443ஆம் போர்ட்டும் ஒரே சர்வர் தொகுதிக்குள் இருந்து, அதே தொகுதிக்குள் 301 வழிமாற்றமும் இருந்தால் சுழலும். 80க்குத் தனித் தொகுதி எழுதி, வழிமாற்றத்தை அதற்குள் மட்டும் வையுங்கள்.

வேர்ட்பிரஸில் நிர்வாகப் பகுதிக்குள்ளேயே நுழைய முடியவில்லை. எங்கே தொடங்குவது?

ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளர் வழியாகத் தொடங்குங்கள். செருகுநிரல்கள் உள்ள கோப்புறைக்குள் சென்று, எஸ்எஸ்எல் தொடர்பான செருகுநிரலின் கோப்புறைப் பெயரை மாற்றினால் அது செயலிழந்துவிடும். எச்டிஅக்சஸ் கோப்பையும் பெயர் மாற்றி வைத்துவிட்டுத் தளத்தைச் சோதியுங்கள். வேர்ட்பிரஸுக்குத் தேவையான அடிப்படை வரிகளை, உள்ளே நுழைந்த பிறகு நிரந்தர இணைப்புகள் பக்கத்தில் சேமி என்பதை அழுத்தினால் அதுவே மறுபடி எழுதிக்கொள்ளும். கோப்பை அழிக்க வேண்டாம். பழைய வரிகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.

அடுத்துத் தள முகவரி. வேர்ட்பிரஸ் தன் முகவரியைத் தரவுத்தளத்தின் ‘ஆப்ஷன்ஸ்’ அட்டவணையில் ‘சைட்யூஆர்எல்’, ‘ஹோம்’ என்ற இரண்டு வரிசைகளில் வைத்திருக்கிறது. அங்கே எச்டிடிபி என்று இருந்து, சர்வர் எச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயப்படுத்தினால், முகப்பும் சர்வரும் மாறி மாறி இழுக்கக்கூடும். தரவுத்தளத்தைத் திருத்த உதவும் பிஎச்பிமைஅட்மினில் இரண்டையும் எச்டிடிபிஎஸ் ஆக்குங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. ‘டபிள்யூபி-கான்ஃபிக்’ கோப்பில் ‘டபிள்யூபி ஹோம்’, ‘டபிள்யூபி சைட்யூஆர்எல்’ என்ற மாறிலிகள் எழுதப்பட்டிருந்தால் தரவுத்தளத்தில் என்ன இருந்தாலும் அவையே செல்லும் என்பதால், அதையும் திறந்து பாருங்கள்.

முகப்பு நன்றாகத் திறந்து, நிர்வாகப் பகுதி மட்டும் சுழன்றால் காரணம் வேறு. வேர்ட்பிரஸ் தான் பாதுகாப்பான இணைப்பில் இருக்கிறதா என்று அறிய, பிஎச்பியின் எச்டிடிபிஎஸ் மாறியையும் போர்ட் எண் 443ஆ என்பதையும் மட்டுமே பார்க்கிறது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவை அது பார்ப்பதில்லை. முன்னால் சுமைப் பகிர்வி இருந்து, நிர்வாகப் பகுதிக்கு எச்டிடிபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்றே விடை கிடைத்துச் சுழலும். அந்தத் தலைப்பின் மதிப்பு எச்டிடிபிஎஸ் என்றால் சர்வர் மாறியை ஆன் ஆக்கும் சில வரிகளை டபிள்யூபி-கான்ஃபிக்கில் எழுதுவதே தீர்வு. அந்த வரிகள், கோப்பின் கடைசியில் வேர்ட்பிரஸை ஏற்றும் வரிக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே எழுதினால் எந்த விளைவும் இருக்காது.

கட்டுரைகளுக்குள் இருக்கும் பழைய எச்டிடிபி இணைப்புகளை மாற்றுவது இதற்குப் பிந்தைய வேலை. அதை எஸ்க்யூஎல் கட்டளையால் நேரடியாகத் தேடி மாற்றாதீர்கள். செருகுநிரல்கள் தம் அமைப்புகளை, ஒவ்வொரு சொற்றொடரின் நீளத்தையும் சேர்த்துச் சேமித்து வைக்கின்றன. ஓர் எழுத்துக் கூடினால் நீளம் பொருந்தாமல் அமைப்பு முழுவதும் படிக்க முடியாமல் போகும். வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை அந்த நீளத்தையும் சேர்த்துத் திருத்துகிறது.

மூன்று டபிள்யூ உள்ள பெயர், இல்லாத பெயர், இரண்டும் சுழல்கின்றன.

சர்வர் ஒன்றையும் வேர்ட்பிரஸ் மற்றொன்றையும் விரும்புகின்றன. எது வேண்டும் என்று ஒரு முறை முடிவுசெய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். சான்றிதழ் மட்டும் இரண்டு பெயர்களையும் உள்ளடக்கியிருக்க வேண்டும். வழிமாற்றம் நடப்பதற்கு முன்பே சான்றிதழ் சோதிக்கப்படுகிறது.

பிரான்சிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு மட்டும் தளம் திறப்பதில்லை என்கிறார்கள். எங்களுக்கு நன்றாகத் திறக்கிறது. இது எப்படிச் சாத்தியம்?

புதுச்சேரி விடுதிகளின் தளங்கள் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்று மொழிகளில் இருப்பது சாதாரணம். பிரவுசர் அனுப்பும் ‘அக்செப்ட்-லாங்குவேஜ்’ தலைப்பைப் பார்த்து, பிரெஞ்சு விரும்புபவரை அந்த மொழிப் பகுதிக்கு அனுப்பும் விதி ஒன்று அங்கே இருக்கும். அந்த விதி, தளம் தொடங்கிய காலத்தில் எச்டிடிபி என்று முழு முகவரியாக எழுதப்பட்டிருக்கும். பிரெஞ்சுப் பகுதியின் ஹோம் முகவரியும் அப்படியே மாறாமல் இருக்கும். பிரெஞ்சு வருகையாளர் எச்டிடிபிக்கு அனுப்பப்படுகிறார், புதிய விதி எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தூக்கிவிடுகிறது, மொழி விதி மறுபடி இறக்கிவிடுகிறது. தமிழிலோ ஆங்கிலத்திலோ பிரவுசரை வைத்திருக்கும் உரிமையாளருக்கு இந்தப் பாதையே தெரியாது. பதிவு வராமல் போவதுதான் தெரியும்.

கர்ள் கோரிக்கையில் அக்செப்ட்-லாங்குவேஜ் தலைப்பைப் பிரெஞ்சு என்று வைத்து அனுப்பிப் பாருங்கள். எச்டிடிபிஎஸ் மாற்றத்துக்குப் பிறகு ஒவ்வொரு மொழியிலும் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். மொழி விதிகளில் முழு முகவரி எழுதாமல், டொமைனுக்குப் பின்னால் வரும் பாதையை மட்டும் எழுதினால் இந்தச் சிக்கலே எழாது.

எங்கள் டொமைன் பெயரே தமிழில் இருக்கிறது. பக்க முகவரிகளும் தமிழில்தான். இதனால் சுழல் வருமா?

வரும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைக் காண்பது அரிது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ் டொமைனைப் பிரவுசரில் தமிழிலேயே தட்டினாலும், பிரவுசர் அதை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கி ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் அமையும் ப்யூனிகோடு வடிவத்துக்கு மாற்றித்தான் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வரில் ‘ஹோஸ்ட் பெயர் இந்தத் தமிழ்ப் பெயராக இல்லாவிட்டால், இந்தத் தமிழ்ப் பெயருக்கு அனுப்பு’ என்று விதி எழுதியிருந்தால், சர்வருக்குத் தமிழ் வடிவம் ஒருபோதும் வந்து சேராது, ஒப்பீடு எப்போதும் தோற்கும், தளம் எப்போதும் சுழலும். விதிகளிலும் என்ஜின்எக்ஸின் சர்வர் பெயரிலும் சான்றிதழிலும் ப்யூனிகோடு வடிவத்தையே எழுதுங்கள்.

பக்க முகவரியில் உள்ள தமிழ் எழுத்துகள், விழுக்காட்டுக் குறியுடன் கூடிய பதினறும எண்களாகப் பயணம் செய்கின்றன. ஒரு தமிழ்க் குறியெண் யூடிஎஃப்-8இல் 3 பைட். முகவரியில் அது 9 எழுத்துகளாகிறது. ‘கி’ போன்ற உயிர்மெய்க்கு 2 குறியெண்கள், எனவே 18 எழுத்துகள். வழிமாற்றும் விதி ஏற்கெனவே மாற்றப்பட்ட விழுக்காட்டுக் குறியை இன்னொரு முறை மாற்றிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் குறிக்குப் பின்னால் ‘25’ என்ற எண் சேர்ந்துகொண்டே போகும். லொக்கேஷன் வரியில் 2525 என்று கண்டால் காரணம் இதுதான். அப்பாச்சியில் மூலக் கோரிக்கை வரியிலிருந்து பாதையை எடுத்து ஒட்டுபவர்கள், ரீரைட் விதியில் ‘நோஎஸ்கேப்’ கொடியைச் சேர்க்க வேண்டும். என்ஜின்எக்ஸில், அவிழ்க்கப்பட்ட வடிவத்தைத் தரும் ‘யூஆர்ஐ’ மாறியைத் தவிர்த்து, வந்தபடியே தரும் ‘ரெக்வெஸ்ட் யூஆர்ஐ’ மாறியைப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வேர்ட்பிரஸ் தமிழ் முகவரிகளின் பதினறும எண்களைச் சிறிய எழுத்துகளில் சேமிக்கிறது. இடையில் உள்ள ஏதேனும் ஓர் அடுக்கு அவற்றைப் பெரிய எழுத்துகளாக மாற்றி அனுப்பி, வழிமாற்றச் செருகுநிரல் ஒன்று இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், இரண்டும் ஒரே முகவரி என்பதை உணராமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். தமிழ் முகவரி உள்ள பக்கங்கள் மட்டும் சுழன்று, ஆங்கில முகவரி உள்ள பக்கங்கள் திறந்தால், அந்தச் செருகுநிரலை நிறுத்திப் பாருங்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம். மற்றவர்களுக்குத் திறக்கிறது, என் கைப்பேசியில் மட்டும் இன்னும் சுழல்கிறது.

301 என்பது நிரந்தர வழிமாற்றம் என்பதால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சர்வரைக் கேட்காமலேயே அதன்படி நடக்கலாம். தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் பிரவுசரின் கேஷையும் (சேமித்த நினைவையும்) அந்தத் தளத்தின் குக்கிகளையும் அழித்தால் போதும். சோதனைக் காலம் முழுவதும் 302 வைத்து, எல்லாம் உறுதியான பிறகு 301க்கு மாற்றினால் இந்தத் தொல்லை வருகையாளர்களின் கைப்பேசிகளில் போய்த் தங்காது. அங்கே தங்கிவிட்டால் நீங்கள் போய் அழிக்க முடியாது.

சில நேரம் திறக்கிறது, சில நேரம் சுழல்கிறது.

பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேஷ் அடுக்கைச் சந்தேகியுங்கள். எச்டிடிபியில் வந்த ஒருவருக்குத் தரப்பட்ட 301 பதிலை, டொமைனும் பாதையும் ஒன்றே என்பதால், எச்டிடிபிஎஸ்ஸில் வந்த அடுத்தவருக்கும் அது எடுத்துத் தந்துவிடுகிறது. வார்னிஷ் என்ற கேஷ் மென்பொருளின் இயல்பான அமைப்பில், சேமித்த பதிலைத் தேடி எடுக்க உதவும் கேஷ் சாவியில் ஸ்கீம் ஒரு பகுதி அல்ல. அதைச் சேர்க்க வேண்டும், அல்லது வழிமாற்றத்தை கேஷுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

எச்எஸ்டிஎஸ் தலைப்பை எப்போது சேர்க்கலாம்?

மேலே சொன்ன எல்லாம் அமைதியான பிறகு. 2012இல் ஆர்எஃப்சி 6797 என்ற இணையத் தரநிலையாக வெளியான இந்த ஏற்பாடு, குறிப்பிட்ட காலம் வரை உங்கள் தளத்தை எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திறக்குமாறு பிரவுசருக்கு ஆணையிடுகிறது. அந்தக் காலத்துக்குள் சான்றிதழ் பழுதானால், எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே செல்லும் வழியும் வருகையாளருக்கு இருக்காது. முதலில் 300 வினாடி வைத்துத் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக உயர்த்தி, 31536000 வினாடிக்கு, அதாவது ஓராண்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். துணை டொமைன்களையும் சேர்க்கும் சொல்லை எழுதுவதற்கு முன், கணக்கு மென்பொருளோ பழைய மின்னஞ்சல் பக்கமோ ஏதேனும் ஒரு துணை டொமைனில் இன்னும் எச்டிடிபியில் ஓடுகிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பிரவுசர்களுடன் முன்கூட்டியே வரும் எச்எஸ்டிஎஸ் பட்டியலில் தளத்தைச் சேர்ப்பது எளிது. நீக்கினால் அது எல்லாப் பயனர்களையும் சென்றடைய மாதக்கணக்காகும்.

எச்டிடிபிஎஸ் கட்டாயமாக்கினால் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைப் புதுப்பிப்பது தடைபடுமா?

சாதாரண வழிமாற்றத்தால் தடைபடாது. 80ஆம் போர்ட் வழியாக நடக்கும் சோதனை, 10 வழிமாற்றங்கள் வரை பின்தொடரும். எச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பினால் அங்குள்ள சான்றிதழ் காலாவதியாகியிருந்தாலும் பொருட்படுத்தாது. சுழல் இருந்தால் தோற்கும். 80ஆம் போர்ட்டையே மூடிவிட்டாலும் தோற்கும், எனவே அதைத் திறந்தே வையுங்கள்.

தளம் நன்றாகத் திறக்கிறது, ஆனால் பணம் செலுத்திய தகவல் மட்டும் வந்து சேருவதில்லை.

கட்டண நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் பதிந்திருக்கும் திரும்பு முகவரி இன்னும் எச்டிடிபியில் இருக்கும். அந்தத் தகவல் போஸ்ட் (தரவை உடன் அனுப்பும்) முறையில் வருகிறது. 301 வழிமாற்றத்தைச் சந்திக்கும்போது பல மென்பொருள்கள் அதை கெட் (பக்கத்தைக் கேட்க மட்டும் செய்யும்) முறைக்கு மாற்றி, உள்ளடக்கத்தைக் கைவிட்டுவிடுகின்றன, சில பின்தொடர்வதே இல்லை. முறையை மாற்றாமல் காக்கும் 308 என்ற எண் இருந்தாலும், அனுப்புபவர் அதை மதிப்பார் என்பதற்கு உறுதியில்லை. திரும்பு முகவரியை எச்டிடிபிஎஸ்ஸாகவும், மூன்று டபிள்யூ பற்றிய உங்கள் முடிவுக்கு இசைவாகவும், கடைசிச் சாய்வுக்கோடு வரை சரியாகவும் எழுதி, ஒரு வழிமாற்றமும் இல்லாமல் நேரே 200 (வெற்றி) என்ற பதில் கிடைக்கிறதா என்று சோதனைத் தகவல் ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.